தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு

மைசூர் சுங்க மற்றும் மத்திய கலால் அலுவலகத்தில், கண்காணிப்பாளர் திரு. சந்திரன் முன்னிலையில், 12-3-1997 புதன்கிழமை காலை 10.40 மணிக்குத் தொடங்கிப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் பாக்கியலட்சுமி. வயது முப்பத்து மூன்று. கணவர் பெயர் ரவிக்குமார், தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை பார்க்கிறார். சோனியா என்று ஏழு வயதில் ஒரு மகள். மைசூர் மண்டி மொஹல்லாவில் மாவு மில்லுக்கு மேலே மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் சொந்த ஊர் ஹனூர் பக்கம். மேட்டூரில் அத்தை வீட்டில் தங்கிப் பள்ளிப் படிப்பைத் தமிழில் படித்தேன், அதன் பிறகு ஈரோட்டில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுதுவதில் தடுமாற்றம் உண்டு. ஆகவே தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியும் என்பதால் நான் சொல்லச் சொல்ல அவரே கைப்பட எழுதுகிறார்.

சுங்கச் சட்டம் 108ஆம் பிரிவின்படி எனக்குச் சம்மன் தரப்பட்டது என்பதையும், இங்கே பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதையும் அதிகாரி எனக்கு விளக்கினார். நான் சாட்சியா, குற்றம் செய்தவளா என்று கேட்டேன். விசாரணை முடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்று சொன்னேன். என்னை யாரும் மிரட்டவில்லை. காபி கொடுத்தார்கள்.

நான் நஞ்சன்கூடு சாலையில் உள்ள வனஜோதி காகித ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் தலைமை வேதியியலாளர் திரு. நம்பி. நான் தயாரிக்கும் அறிக்கையில் அவர் கையெழுத்திடுவார். இறக்குமதிப் பிரிவு மேலாளர் திரு. ஸ்ரீஹர்ஷா. மாதிரி வெட்டும் வேலையில் செல்லக்கண்ணு என்பவர் இருந்தார், வயது ஐம்பதுக்கு மேல். அவரும் ஹனூர் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

1996 ஜூலையிலிருந்து எங்கள் ஆலை வெளிநாட்டிலிருந்து வன்மரக் கூழ் வரவழைத்தது. வன்மரக் கூழ் என்பது யூகலிப்டஸ் போன்ற மரங்களை வேகவைத்து வெளுத்து, கெட்டி அட்டை போலத் தகடு தகடாகக் காயவைத்தது. அதைக் கம்பி போட்டுக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் எங்கள் குடோனுக்கு வரும். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரு தடவையில் வரும் சரக்குக்கும், ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும், சுங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்று ஸ்ரீஹர்ஷா சொல்லியிருந்தார்.

அறிக்கை எதற்காக என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். மரக்கூழில் காகிதம் செய்கிற தரம் ஒன்று, ரேயான் நூல் செய்கிற தரம் ஒன்று. இரண்டுக்கும் சுங்கப் பட்டியலில் வேறு வேறு தலைப்பு. அந்த வருடம் காகிதத் தரத்துக்குத் தீர்வை குறைவு என்பதும், காகிதத்துக்கு என்று சொல்லி இறக்கிய சரக்கை வெளியே விற்கக் கூடாது என்பதும் இன்றைக்கு அதிகாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது சோதனை மட்டும். கூழைப் பதினெட்டு சதவீதக் காஸ்டிக் சோடாவில், இருபது டிகிரியில், ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதன் பிறகு வடிகட்டிக் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். கரையாமல் மிஞ்சுவது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அது ரேயான் தரம். கீழே இருந்தால் காகிதத் தரம். ரேயான் கூழுக்குக் கரையும் கூழ் என்று பெயர், ஆனால் கரையாமல் நிற்பதுதான் அதற்கு அடையாளம். ஒன்பது வருடமாக இந்தத் துறையில் இருந்தும் இதைச் சொல்லும்போது ஒரு நிமிடம் நின்று யோசித்துத்தான் சொல்கிறேன்.

செல்லக்கண்ணுவின் வேலை, குடோனுக்குப் போய் நாங்கள் சொல்லும் கட்டுகளின் கம்பியை அறுத்து, நடுத் தகட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கையால் சிறிது சிறிதாகக் கிழித்துப் பாட்டிலில் போட்டு, மூடியின் மேல் கட்டின் எண்ணை எழுதுவது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கட்டின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே வரைவார். எட்டை இரண்டு சுழியாக, கீழ்ச் சுழியை முதலில் போட்டு வரைவார்.

ஜூலை லாட்டில் ஆறு பாட்டில் சோதித்தேன். எல்லாம் எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று வந்தது. காகிதத் தரம் என்று அறிக்கை கொடுத்தோம். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

அதன் பிறகு செப்டம்பர் 9ஆம் தேதி திங்கட்கிழமை இரண்டாவது லாட்டின் மாதிரிகள் வந்தன. மூன்று பாட்டிலில் எண்பத்தேழு புள்ளி ஆறை ஒட்டி வந்தது. மூன்று பாட்டிலில் தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டை ஒட்டி வந்தது. எல்லாக் கட்டின் மேலும் ஒரே சீட்டு, ஒரே கம்பெனி, ஒரே கப்பல். நான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுநாள் திரும்பச் செய்தேன். அதே எண்கள் வந்தன. காஸ்டிக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினேன். தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்தேன். வெப்பமானியை மாற்றினேன். ஐஸ் தொட்டியில் இருபது டிகிரி நிற்கிறதா என்று ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதே எண்கள்தான் வந்தன. வியாழன் அன்று, இல்லை, வெள்ளி அன்று நம்பி சாரிடம் தனித்தனி முடிவுகள் எழுதிய என் ரஃப் நோட்டைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இம்பாஸிபிள் பாக்கியா. ஒரே லாட்ல எட்டு பாயின்ட் வித்தியாசம் வருமா? உன் கைதான் சரியில்ல, மறுபடியும் பண்ணு" என்றார்.

மறுபடியும் செய்தேன். அதன் பிறகு ஸ்ரீஹர்ஷா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். லாரி வாடகை ஏறுகிறது, அறிக்கை எங்கே என்று கேட்டார். நோட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இப்போது யோசிக்கும்போது வினோதமாக இருக்கிறது. நம்பி சார் அளவுக்குக்கூட அவர் ஆச்சரியப்படவில்லை. அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "எதுக்கம்மா இஷ்டு தலெநோவு? எல்லாம் கூட்டி ஆவரேஜ் போட்டுக் கொடு, அஷ்டே" என்றார். இவ்வளவு தலைவலி எதற்கு, சராசரி போட்டால் போதும் என்று அர்த்தம். கூட்டி ஆறால் வகுத்தேன். தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு வந்தது. தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே. காகிதத் தரம் என்று ஃபேர் ரிஜிஸ்டரிலும் அறிக்கையிலும் எழுதினேன், நம்பி சாரும் நானும் கையெழுத்திட்டோம்.

சராசரி எடுப்பது சரியா என்று அப்போது யோசிக்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். சோதனையில் சிறு வித்தியாசம் வந்தால் சராசரி எடுப்பது வழக்கம். இது சிறு வித்தியாசம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தவறு என் கையில் என்று நான் நம்பியதால், என் தவற்றை மறைக்க அவர்கள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் மூன்றாவது லாட்டிலும் இப்படியே ஆனது. அதற்குக் கவனக்குறைவு என்று எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அந்த மாதங்களில் எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்ப்பேன். மகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விடையைச் சொல்லாமல் அவளையே சொல்லச் சொல்வேன். கழுவிக் கழுவிச் சோதனை செய்ததில் காஸ்டிக் பட்டு வலது கை விரல் மூன்றில் தோல் உரிந்தது. அதற்கு ஆலை மருந்தகத்தில் மருந்து போட்ட சீட்டு இருக்கிறது.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் செல்லக்கண்ணு கையில் இரண்டு துண்டுக் கூழ் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "அம்மிணி, இந்த ரெண்டையும் சித்தெ கிழிச்சுப் பாருங்க. ஒன்னு பஞ்சாட்ட வருது, ஒன்னு நார் புடிச்சு இழுக்குது. இது ரெண்டும் ஒரே கூழு இல்லீங்க" என்றார். நான் அப்போது வடிகட்டிக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியாது. "எல்லாத்துலயும் ஒரே சீட்டுதானேண்ணா ஒட்டியிருக்கு" என்று சொன்னேன். அவர் இரண்டு துண்டையும் என் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் கிழித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் மேசை துடைக்கும்போது குப்பையில் போட்டேன்.

நவம்பரில் நான்காவது லாட். அதே எண்கள், அதே சராசரி. இந்த முறை நம்பி சார் வேறு ஒரு கேள்வி கேட்டார். மாதிரி அறையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ரேயான் கூழ் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம், அதைச் சோதித்தால் தொண்ணூற்றைந்து வரும். "பாட்டில் யாரு ஃபில் பண்றது? செல்லக்கண்ணுதானே? அந்த டப்பாலேர்ந்து எடுத்துப் போட்டுட்டாரோ என்னமோ" என்றார். இதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன். மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தவறு என் கையில் இல்லை என்று ஒருவர் சொன்னார்.

அதன் பிறகு 21-11-1996 வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என்னை நம்பி சார் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீஹர்ஷாவும் இருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் என் கையால் எழுதினேன். மொத்தம் ஒன்பது வரி. மாதிரி வெட்டும் செல்லக்கண்ணு எழுதப் படிக்கத் தெரியாதவர், பாட்டில்களைக் கலந்துவிடுகிறார், கட்டு எண்களைத் தவறாகப் போடுகிறார், இதனால் மூன்று மாதமாக ஆய்வு முடிவுகள் கெடுகின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் நேரில் பார்த்தது அதில் ஒன்றுகூட இல்லை. அன்று மாலை அவரைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தின் கீழே பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, "என்னங்க அம்மிணி எழுதியிருக்குது?" என்று கேட்டார். பாட்டில் மாறிப் போகிறது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அவர் வைத்தார். "நான் கட்டைப் பாத்துத்தானுங்க வரைஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். பதினான்கு வருடம் வேலை செய்தவர், நிரந்தர உத்தரவு இல்லாததால் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஆலை வாசலில் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அவருக்குப் பதில் ஆள் போடவில்லை, நானே மாதிரி வெட்டினேன். டிசம்பர் 16ஆம் தேதி திங்கட்கிழமை ஐந்தாவது லாட் வந்தது. நானே குடோனுக்குப் போய், நானே கம்பி அறுத்து, நானே வெட்டி, நானே எண் எழுதினேன். ரேயான் கூழ் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். மூன்று பாட்டிலில் எண்பத்தேழும் மூன்று பாட்டிலில் தொண்ணூற்றைந்தும் வந்தது.

தராசின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயமும் வரவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே விளங்கவில்லை. அதன் பிறகு மதியச் சாப்பாட்டு வேளையில் குடோனுக்குப் போய், கட்டுகளின் ஓரத்தில் கையை விட்டுத் தகட்டைக் கிழித்துப் பார்த்தேன். சில கட்டு இழுத்தது. சில கட்டு பஞ்சு போல உடனே வந்தது. பாட்டில் எண்ணோடு ஒப்பிட்டேன். பஞ்சு போல வந்ததெல்லாம் தொண்ணூற்றைந்து. கண்ணை மூடிக்கொண்டு கிழித்தால்கூடத் தெரிந்தது. ஒரே சீட்டு ஒட்டி இரண்டு விதக் கூழ் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குடோனின் பின்பக்க வாசலில் ஒரு லாரியில் அந்தப் பஞ்சு போன்ற கட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கெம்பையன் எனக்கு முகப் பழக்கம் உள்ளவர். அவரிடம் கன்னடத்தில், எங்கே போகிறது என்று கேட்டேன். ரேயான் நூல் மில்லுக்கு, இந்த மாதம் இது மூன்றாவது நடை என்று சொன்னார். எந்த மில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

அன்றே நம்பி சாரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜூலையிலிருந்து என் ரஃப் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகு நேரம் கழித்து, "ஆறு மாசமா உன் நம்பர் எல்லாம் கரெக்ட்டாத்தான் இருந்திருக்கு பாக்கியா. உன் கையில ஒரு தப்பும் இல்ல" என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி நான் வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்றாம் நாள் ஐந்தாவது லாட்டின் அறிக்கை தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று என்று சராசரியாகவே போனது. அவர்தான் கையெழுத்திட்டார். தட்டச்சு செய்த தாளில் தயாரித்தவர் என்ற இடத்தில் நானும் கையெழுத்திட்டேன்.

நம்பிக்கு ஆரம்பத்திலிருந்தே விஷயம் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துப் பார்த்தால் அன்று அவர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது பொருந்தவில்லை. தெரியாது என்று நினைத்துப் பார்த்தால் மூன்றாம் நாள் கையெழுத்து பொருந்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவர் விடுப்பில் இருக்கிறார்.

தெரிந்த பிறகும் நீங்கள் ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். வேலை போய்விடும் என்பது ஒன்று. முன்னால் மூன்று அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டோம், இப்போது மறுத்தால் அந்த மூன்றுக்கும் என்ன சொல்வது என்பது ஒன்று. ஜனவரியில் ஆறாவது லாட் அறிக்கையிலும் கையெழுத்திட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு 2-2-1997 ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கொள்ளேகால் போய், அங்கிருந்து ஹனூர் போய், செல்லக்கண்ணு வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் மனைவி நஞ்சம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் மில்லிலிருந்து வருகிறேன் என்றதும் முறத்தைக் கீழே வைக்காமலே, "இன்னும் என்னங்க பாக்கி?" என்று கேட்டார். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். மாதேஸ்வரன் மலையில் ஒரு கடையில் இருக்கிறார் என்றார். அங்கேயே மறு பஸ் பிடித்து மலைக்குப் போனேன்.

கோயிலுக்குப் போகிறவர்களின் பையையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு தகர வில்லை கொடுக்கிற கடை அது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க அம்மிணி. சாமி கும்புட வந்தீங்களா?" என்றார். "இல்லண்ணா, உங்களப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். டிசம்பரில் நடந்ததைச் சொன்னேன். நடுவில் மூன்று பேர் வந்து வில்லையைக் கொடுத்துப் பை வாங்கிப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் போட்ட நம்பரு?" என்றார்.

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுண்ணா. நான் எழுதினதுதான் பொய்யி."

"பஞ்சாட்ட வருதுன்னு சொன்னனே?"

"அதுவும் சரிதாண்ணா."

அவர் பக்கத்துக் கடைக்குப் போனார். எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றும் விடவில்லை. அதன் பிறகு, "ஊருக்குள்ள நான் கூழு திருடுனதாத்தான் பேச்சுங்க. இல்லீன்னா பதினாலு வருசத்து ஆள எதுக்கு நிறுத்துறாங்கன்னு கேக்குறாங்க. நஞ்சம்மாவே ஒருநா கேட்டுப் போட்டா" என்றார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "இப்ப வாயில சொல்றீங்க அம்மிணி. அன்னைக்கு எழுதித்தானே அனுப்புனீங்க? இதையும் எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

என் பையில் பேனாவும் தாளும் இருந்தன. நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எண் சரி என்று எழுதினால் ஐந்து அறிக்கையும் பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும் என்று அப்போது தோன்றியது. அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவர் சரிங்க என்றார். நான் கொண்டுவர மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கொள்ளேகால் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்து சீட் காலியாக இருக்கிறதே அம்மா என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

அதன் பிறகு 10-3-1997 திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்து குடோனைப் பூட்டி முத்திரையிட்டீர்கள். எனக்கும் சம்மன் கொடுத்தீர்கள். நேற்று செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்ரீஹர்ஷா எங்கள் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டார். அதன் பிறகு, "அந்த ரஃப் புக் எல்லி? அது கம்பெனியோடது. நாளைக்கு அவங்க கேட்டா ஃபேர் ரிஜிஸ்டர் மட்டும்தான் இருக்குன்னு சொல்லு. அதுல ஆவரேஜ்தானே இருக்கு, உனக்கும் நல்லது" என்றார். நோட்டு ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அது பொய். நோட்டு அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் சோனியாவின் பள்ளிப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. ஜனவரி லாட் முடிந்ததுமே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது.

அவர் போன பிறகு என் கணவர், "கொடுத்துத் தொலையேன். யாரோட சண்டை உனக்கு?" என்றார். எனக்கு யாரோடும் சண்டை இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்றார். நான் மலையில் நடந்ததை முதல்முறையாக அவரிடம் சொன்னேன். இன்று காலை அவரே லீவு போட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வெளியே மரத்தடியில் நிற்கிறார்.

1996 ஜூலை முதல் 1997 ஜனவரி வரையான ரஃப் நோட்டை, மொத்தம் நூற்று அறுபத்தெட்டுப் பக்கம், அதிகாரியிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு பாட்டிலின் எண்ணும் அதன் தனித்தனி முடிவும் அதில் உள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் அதிகாரியும் நானும் கையெழுத்திட்டோம். அதன் பிறகு அதிகாரி ஃபேர் ரிஜிஸ்டரைக் காட்டி, அதில் உள்ள சராசரிகள் என் கையால் எழுதியவையா என்று கேட்டார். ஆம் என்றேன்.

இத்துடன் போதும் என்று அதிகாரி சொன்னார். நான் 21-11-1996 தேதியிட்ட கடிதத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்றேன். அது ஆலைக்கும் அதன் தொழிலாளிக்கும் உள்ள விஷயம், தீர்வை வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தம் உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் எழுத வேண்டும் என்று திரும்பவும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அதன் பிறகு எழுதினார். ஆகவே சொல்கிறேன்: அந்தக் கடிதத்தில் செல்லக்கண்ணுவைப் பற்றி நான் எழுதிய ஒன்பது வரியும் பொய். அவர் ஒரு பாட்டிலையும் கலக்கவில்லை. அவர் போட்ட எண்களில் ஒன்றுகூடத் தவறு இல்லை. அவர் எதையும் திருடவில்லை. இரண்டு கூழ் வந்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான்.

செல்லக்கண்ணுவிடம் கொடுக்க இந்தப் பகுதிக்கு மட்டும் நகல் தர முடியுமா என்று கேட்டேன். விசாரணை முடியும் வரை தர முடியாது என்றார். அப்படியானால் அவரையும் சாட்சியாகக் கூப்பிட வேண்டும், கட்டுகளைச் சீட்டு இல்லாமல் வைத்தால்கூட அவர் கிழித்துப் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுப்பார் என்று சொன்னேன். அதிகாரி முகவரி கேட்டார். ஹனூர் வீட்டு முகவரியையும் மலைக் கடையின் பெயரையும் கொடுத்தேன். சம்மன் கன்னடத்தில் போகும், அவருக்குப் படிக்கத் தெரியாதே என்று அதிகாரி சொன்னார். நானே நேரில் போய்ப் படித்துக் காட்டுகிறேன், இந்த முறை முழுவதையும் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

மேலே எழுதியிருப்பது முழுவதும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன். எனக்கு எதிராக இருப்பதையும் மறைக்கவில்லை. நானாக மனமுவந்து கொடுத்தது.

படித்துக் காட்டியபோது நான்காம் பக்கத்தில் இரண்டு இடத்திலும் ஆறாம் பக்கத்தில் ஓரிடத்திலும் "மேற்படி கூலியாள்" என்று எழுதப்பட்டிருந்தது. என் வேண்டுகோளின்படி மூன்று இடத்திலும் அது அடிக்கப்பட்டு, "செல்லக்கண்ணு" என்று பெயர் எழுதப்பட்டது. அடித்த இடங்களில் சுருக்கொப்பம் இட்டுள்ளேன்.

(ஒப்பம்) பாக்கியலட்சுமி
12-3-1997, மாலை 4.15 மணி

என் முன்னிலையில்,
(ஒப்பம்) சந்திரன்
கண்காணிப்பாளர்